சுவேலோ என்றால் நிலமா, தரையா? ஸ்பானியச் சொத்துச் சொற்கள் ஆங்கிலம் ஆகும்போது

ஸ்பெயின் நாட்டின் மத்திய தரைக்கடல் கரையோரம் நெடுங்காலமாகவே அயல்நாட்டவர் வீடு வாங்கும் இடமாக இருந்து வருகிறது. பணி ஓய்வு பெற்ற பிரித்தானியரும் செருமானியரும் வெயிலை நாடி அங்கே குடியேறினர். அண்மை ஆண்டுகளில் இந்தியர்களின் பார்வையும் அப்பக்கம் திரும்பியுள்ளது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். விதிகளுக்கு உட்பட்டு அங்கு அசையாச் சொத்தும் வாங்கலாம். 5 லட்சம் யூரோ மதிப்புள்ள சொத்து வாங்குவோருக்கு ஸ்பெயின் 2013 முதல் வழங்கி வந்த 'கோல்டன் விசா' 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் சொத்து வாங்கும் உரிமை அயல்நாட்டவருக்கு முன்போலவே உள்ளது.

இவ்வாறு வாங்குவோரில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி அறியாதவர்கள். தரகர் தரும் விளக்கக் குறிப்பையும் ஒப்பந்தத்தையும் அவர்கள் ஆங்கிலத்தில் படிக்கின்றனர். கையொப்பமிடும் பத்திரமோ ஸ்பானிய மொழியில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அந்த ஸ்பானியச் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளையே பார்க்கும். ஆங்கிலப் பெயர்ப்பில் ஒரு சொல் தரும் தோற்றத்துக்கும் மூலச் சொல் தரும் உரிமைக்கும் இடையே இடைவெளி இருக்குமானால், அதற்கான விலையை வாங்கியவரே செலுத்த நேரும். அந்த இடைவெளி எங்கெங்கே உள்ளது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதைச் சில சொற்களின் வழியே காண்போம்.

ஒரு சொல், மூன்று நிலம்

'சுவேலோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு மண், நிலம், தரை என மூன்று பொருளும் உண்டு. 1956-இல் அந்நாடு இயற்றிய நிலச் சட்டத்தின் பெயர் 'லேய் தெல் சுவேலோ'. அகராதியை மட்டும் நம்பி இதனை ஆங்கிலத்தில் 'சாயில் லா' என்று எழுதினால், உழவர்களுக்கான மண்வளச் சட்டம் என்றே படிப்பவர் கருதுவார். உண்மையில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுத்த நகரமைப்புச் சட்டம் அது.

அச்சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் நிலத்தை வகைப்படுத்தின. 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலைபெற்ற வகைகள் மூன்று. முதலாவது 'சுவேலோ உர்பானோ'. சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகிய வசதிகள் வந்து சேர்ந்த நகர நிலம் இது. இரண்டாவது 'சுவேலோ உர்பானிசாப்லே'. பிற்காலத்தில் நகரமாக மாற்றத் திட்டம் இடம் தரும் நிலம். மூன்றாவது 'சுவேலோ நோ உர்பானிசாப்லே'. நகரமாக மாற்றக் கூடாத நிலம். பல மாநிலங்களில் இதற்கு 'ருஸ்தீக்கோ', அதாவது ஊரக நிலம் என்று பெயர்.

இரண்டாவது சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ஆப்லே' என்னும் விகுதியைக் கவனிக்க வேண்டும். 'மாற்றத்தக்க' என்பதே அதன் பொருள். ஆங்கில விளம்பரம் இதனை 'டெவலப்மென்ட் லேண்ட்' என்று சுருக்கும்போது, இன்றே கட்டலாம் என்ற எண்ணம் எழுகிறது. இன்று இருப்பது வாய்ப்பு மட்டுமே. விரிவான திட்டம் ஒப்புதல் பெற்று, நிலப் பங்கீடு முடிந்து, வசதிகளும் அமைந்த பின்னரே அங்கு வீடு எழும். மூன்றாவது சொல் ஆங்கிலத்தில் 'ரூரல் லேண்ட்' ஆகும்போது ஆலிவ் மரங்களும் அமைதியும் நினைவுக்கு வருகின்றன. வீடு கட்டுவதற்கான கடுமையான கட்டுப்பாடு நினைவுக்கு வருவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நகரமைப்பு அங்கு 17 தன்னாட்சி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. ஆந்தலூசியா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம் நிலத்தை நகர நிலம், ஊரக நிலம் என இரண்டாகவே பிரிக்கிறது; நடுவில் இருந்த 'உர்பானிசாப்லே' வகை அங்கு இப்போது இல்லை. எனவே, ஓர் ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் அது எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இவற்றோடு 'சொலார்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். கதிரவனைக் குறிக்கும் 'சொலார்' ஸ்பானிய மொழியில் தனியே உண்டு. நிலத்தைக் குறிக்கும் 'சொலார்' அதிலிருந்து வேறானது. அது சுவேலோவின் உறவு. எல்லா வசதிகளும் அமைந்து, கட்டுவதற்கு ஆயத்தமான மனை என்பது அதன் சட்டப் பொருள். ஆங்கிலத்தில் வெறும் 'ப்ளாட்' என்று எழுதினால் 'ஆயத்தமான' என்ற உயிர்நாடி விடுபட்டுப் போகிறது. மனைவணிகத்தில் விலையைத் தீர்மானிப்பதோ அந்த ஒரு தகுதிதான்.

நகராக்கம் என்பது செயலா, இடமா?

பார்சிலோனா நகரின் விரிவாக்கத் திட்டத்தை வரைந்த பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா. 1859-இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தின்படி எழுந்த சதுரக் கட்டங்களை இன்றும் வான்வழிப் படங்களில் காணலாம். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுள்ளது. முனைகள் நான்கும் சாய்வாக வெட்டப்பட்டவை. 1867-இல் அவர் எழுதிய பெருநூலின் தலைப்பில் 'உர்பானிசாசியோன்' என்ற சொல் இடம்பெற்றது. இலத்தீன் வேரிலிருந்து அவர் வடித்தெடுத்த சொல் அது.

இன்றைய ஸ்பானிய ஆவணங்களில் அச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, மக்கள் நகரங்களை நோக்கிப் பெயரும் சமூக மாற்றம்; ஆங்கிலத்தில் 'அர்பனைசேஷன்' என்பது இது ஒன்றையே குறிக்கும். இரண்டு, நிலத்தில் சாலை, வடிகால், குழாய், விளக்கு ஆகியவற்றை அமைக்கும் பணி. மூன்று, அவ்வாறு உருவான குடியிருப்புப் பகுதி. 'வீடு உர்பானிசாசியோனில் உள்ளது' என்றால் குடியிருப்பு வளாகத்தில் உள்ளது என்று பொருள். 'உர்பானிசாசியோன் செலவு உரிமையாளரைச் சேரும்' என்றால், மனைப்பிரிவின் சாலைக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவை நிலத்துக்குரியவர் ஏற்க வேண்டும் என்று பொருள். இரண்டாவது வாக்கியத்தை 'அர்பனைசேஷன் காஸ்ட்' என்று பெயர்த்தால் ஆங்கிலேயருக்கு எதுவும் விளங்காது. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கடந்து செல்வதே மனித இயல்பு.

வலென்சியா மாநிலத்தில் இதனால் நேர்ந்தது பெரிது. அம்மாநிலம் 1994-இல் இயற்றிய சட்டம் 'அகெந்தே உர்பானிசதோர்' என்ற ஒரு பொறுப்பை உருவாக்கியது. நிலத்துக்கு உரிமையாளராக இல்லாத நிறுவனமும், போட்டியில் நகராட்சியால் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒரு பகுதி முழுவதற்கும் வசதிகளை அமைக்கும் பொறுப்பை ஏற்கலாம். உரிமையாளர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் ஒதுக்கித் தருவதோடு, ஆகும் செலவைப் பணமாகவோ நிலமாகவோ ஈடுசெய்ய வேண்டும். ஓய்வுக்கால வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்த அயல்நாட்டவர் பலர், தம் தோட்டத்தின் ஒரு பகுதி போவதோடு பெருந்தொகையும் கேட்கப்படுவதைக் கண்டு அதிர்ந்தனர். ஆங்கிலப் பெயர்ப்புகளில் அப்பொறுப்பாளர் வெறும் 'டெவலப்பர்' என்றே குறிக்கப்பட்டிருந்தார். தனியார் கட்டுநர் ஒருவர் தம்மிடம் பணம் கேட்பதாகவே அவர்கள் எண்ணினர். சட்டம் அவருக்கு அளித்திருந்த அதிகாரம் அந்த ஆங்கிலச் சொல்லில் தெரியவில்லை. முறையீடுகள் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை சென்றன. 2005-இலும் 2009-இலும் அது கண்டனத் தீர்மானங்களை நிறைவேற்றியது. மாநிலமும் 2005-இல் வேறு சட்டம் இயற்றியது.

இந்திய வாசகருக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. குஜராத்தின் நகரமைப்புத் திட்டங்களில் உரிமையாளர்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்து, சீரமைக்கப்பட்ட மனையைத் திரும்பப் பெறுகின்றனர். அமராவதியில் 'லேண்ட் பூலிங்' என்ற பெயரில் நிலம் திரட்டப்பட்டது. ஸ்பானிய ஆவணத்தில் 'ரெபார்செலாசியோன்' என்று வருவது இயல்பில் இதற்கு நெருங்கியது. நம் நாட்டவருக்காக மொழிபெயர்ப்பவர் இந்த ஒப்புமையைச் சுட்டினால், ஒரு பக்க விளக்கம் செய்யும் வேலையை இரண்டு சொற்கள் செய்துவிடும்.

தோட்டம் ஆன அடுக்ககம்

அகராதிகள் 'ஃபின்கா' என்ற சொல்லுக்குப் பண்ணை, தோட்டம், நாட்டுப்புற வீடு என்று பொருள் தருகின்றன. ஸ்பெயினில் வாழும் ஆங்கிலேயரும் மரங்கள் சூழ்ந்த வீட்டையே ஃபின்கா என்கின்றனர். சொத்துப் பதிவகத்திலோ தனி எண்ணும் தனிப் பக்கமும் பெற்ற ஒவ்வொரு சொத்தும் ஃபின்காதான். மாட்ரிட்டில் ஐந்தாவது மாடியில் உள்ள அடுக்கக வீடும் ஃபின்கா. அதன் கீழுள்ள வண்டி நிறுத்துமிடமும் தனி ஃபின்காவாகப் பதிவாகியிருக்கலாம். அகராதியைப் பின்பற்றிய பெயர்ப்பில், ஐந்தாம் மாடி வீடு 'பண்ணை' ஆகிவிடும். அவ்விடத்தில் 'பதிவு பெற்ற சொத்து' என்பதே பொருத்தமான பெயர்ப்பு.

'மன்சானா' என்றால் ஆப்பிள் பழம். நான்கு தெருக்களுக்கு நடுவிலுள்ள கட்டடத் தொகுதியும் மன்சானாதான். பார்சிலோனாவில் லூயிஸ் தொமேனெக் இ முந்தானெர், ஜுசெப் புச் இ கதஃபால்க், அந்தோனி கௌதி ஆகிய மூன்று பெரும் கட்டடக் கலைஞர்களின் வீடுகள் ஒரே தொகுதியில், ஒன்றோடொன்று போட்டியிடுவன போல் நிற்கின்றன. அதனை 'மன்சானா தெ லா திஸ்கோர்தியா' என்பர். கிரேக்கப் புராணத்தில் தேவியரிடையே பூசல் மூட்டிய ஆப்பிளையும், பூசலிடும் கட்டடத் தொகுதியையும் ஒருசேரச் சுட்டும் சிலேடை இது. ஆங்கிலத்தில் இச்சிலேடை மறைந்துவிடுகிறது. சுற்றுலாக் கையேட்டில் அதனால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் மனையின் எல்லைகளை விவரிக்கும் ஆவணத்தில் இச்சொல் வரும்போது, அதனைத் 'தெருக்களுக்கு இடைப்பட்ட தொகுதி' என்று பெயர்த்தாக வேண்டும்.

எந்த நாட்டு ஆங்கிலம்?

ஆங்கிலத்தில் பெயர்ப்பது என்றால் எந்த ஆங்கிலத்தில் என்ற கேள்வியும் எழுகிறது. ஒரு மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்னும் அளவை ஸ்பானியர் 'எதிஃபிகாபிலிதாத்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'பில்டபிலிட்டி' என்று எழுதினால், கட்டுவது எளிதா கடினமா என்ற பொறியியல் பொருள் வந்துவிடும். பிரித்தானியர் இதனைப் 'ப்ளாட் ரேஷியோ' என்பர், அமெரிக்கர் 'ஃப்ளோர் ஏரியா ரேஷியோ' என்பர், நாம் எஃப்.எஸ்.ஐ. என்கிறோம். ஒரே அளவுக்கு மூன்று பெயர்கள். படிப்பவர் யார் என்று அறியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்வது இயலாது.

சில இடங்களில் இந்திய ஆங்கிலம் மற்ற இரண்டையும்விட நன்றாகவே பொருந்துகிறது. கட்டுமானத் திட்டத்தைத் தொடங்கி, பணம் திரட்டி, விற்பனை செய்பவரை ஸ்பானியச் சட்டம் 'புரொமொத்தோர்' என்கிறது. கட்டடத்தை எழுப்பும் ஒப்பந்ததாரர் 'கொன்ஸ்த்ருக்தோர்'. பிரித்தானியருக்கு 'புரமோட்டர்' என்றால் இசை நிகழ்ச்சியோ குத்துச்சண்டையோ நடத்துபவர் நினைவுக்கு வருவார். ஆகவே 'டெவலப்பர்' என்றே எழுத வேண்டும். நமது 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டமோ 'புரமோட்டர்' என்ற சொல்லையே ஆள்கிறது. இந்திய வாசகருக்கு அதை அப்படியே விட்டுவிடலாம்.

பரப்பளவும் அவ்வாறே. 'சுபெர்ஃபிசியே ஊதில்' என்பது சுவர்களுக்கு உள்ளே பயன்படுத்தத்தக்க பரப்பு. நமது 'கார்ப்பெட் ஏரியா' அதற்கு மிக நெருங்கியது. 'சுபெர்ஃபிசியே கொன்ஸ்த்ருயீதா' சுவர்களையும் சேர்த்த 'பில்ட்-அப் ஏரியா'. பொதுப் பகுதிகளின் பங்கையும் சேர்த்தால் நாம் அறிந்த 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா' வந்துவிடுகிறது. நுட்பமான வேறுபாடும் உண்டு. ரெரா சட்டத்தின் கார்ப்பெட் ஏரியா உட்புறத் தடுப்புச் சுவர்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஸ்பானிய ஊதில் பரப்பில் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் பொதுவாகச் சேராது. சதுர மீட்டருக்கு விலை ஒப்பிடும்போது இது கணக்கில் வர வேண்டும்.

அடுக்ககங்களை ஆளும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் 'புரொபியெதாத் ஓரிசொந்தால்', அதாவது கிடைமட்டச் சொத்து. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் இதே பெயரில் ஒரு சட்டம் வைத்துள்ளது. ஆஸ்திரேலியர் 'ஸ்ட்ராட்டா' என்பர். நாம் 'அபார்ட்மென்ட் ஓனர்ஷிப்' என்போம். அச்சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'குவோத்தா' உண்டு. நிலம் உள்ளிட்ட பொதுப் பகுதிகளில் அந்த வீட்டின் பங்கையும், பராமரிப்புச் செலவில் அதன் பொறுப்பையும் அவ்விழுக்காடு காட்டும். அடுக்ககம் வாங்கிய நம்மவர்க்கு 'பிரிபடாத பங்கு' என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

பதிவு வேறு, அனுமதி வேறு

நிறுவனப் பெயர்களில்தான் ஆபத்து மிகுதி. 'நொத்தாரியோ' என்பதை 'நோட்டரி' என்று பெயர்த்ததும், நீதிமன்ற வாயிலில் மேசையிட்டு அமர்ந்து முத்திரையிடுபவர் நம் மனக்கண்ணில் வருவார். ஸ்பானிய நொத்தாரியோ கடும் போட்டித் தேர்வில் வென்று அரசால் நியமிக்கப்பட்ட சட்ட வல்லுநர். 'எஸ்கிரித்தூரா' எனப்படும் பொதுப் பத்திரத்தை அவரே உருவாக்கி, படித்துக் காட்டி, மூலத்தைத் தம் காப்பில் வைத்துக்கொண்டு, படியை மட்டும் வழங்குகிறார். வீட்டுக்கடன் பெறும் தனிநபர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளித்துள்ளது. ஆவணங்களைக் கையொப்பத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே வங்கி தர வேண்டும். நொத்தாரியோ அவற்றைக் கட்டணமின்றி விளக்கி, கடன் பெறுபவர் புரிந்துகொண்டாரா என்று வினாக்களால் சோதிக்கவும் வேண்டும்.

'ரெகிஸ்த்ரோ' என்னும் சொத்துப் பதிவகமும் 'கதாஸ்த்ரோ' என்னும் நிலவரிப் பதிவேடும் வெவ்வேறு. முன்னது உரிமையையும் அடமானம் முதலிய வில்லங்கங்களையும் காட்டும். பின்னது நிதி அமைச்சகத்தின் கீழ், வரிக்காக நிலத்தை அளந்து மதிப்பிடும். இரண்டையும் ஆங்கிலத்தில் 'லேண்ட் ரெஜிஸ்ட்ரி' என்றே எழுதும் பெயர்ப்புகள் உள்ளன. வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை உறுதியாகாது என்பதை அறிந்த நமக்கு, இக்குழப்பம் எங்கே இட்டுச் செல்லும் என்பது தெரியும். பதிவகம் தரும் 'நோத்தா சிம்ப்ளே' தகவலுக்கான சுருக்கக் குறிப்பு. சான்றாக முழு மதிப்புடையது பதிவாளர் கையொப்பமிட்ட 'செர்திஃபிகாசியோன்'.

உரிமை சீராகப் பதிவாகியிருப்பதும், வீடு முறையான அனுமதியுடன் நிற்பதும் தனித்தனிச் செய்திகள். ஆந்தலூசியாவின் ஊரக நிலங்களில் எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகள் இதற்குச் சான்று. வாங்கியவர்களில் பலரிடம் எஸ்கிரித்தூரா இருந்தது, பதிவும் இருந்தது. 'முதற்குடியேற்ற உரிமம்' என்னும், நமது குடியேற்றச் சான்றிதழை ஒத்த ஆவணம் மட்டும் இல்லை. அதனால் நிலையான மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காமல், கட்டுமானக் காலத்துத் தற்காலிக மின்சாரத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் உண்டு. அல்மேரியா மாகாணத்தின் வேரா ஊரில், உள்ளூர் நகராட்சி உரிமம் வழங்கிய ஒரு வீடே, அந்த உரிமம் செல்லாது என்று முடிவானதால் 2008 ஜனவரியில் இடித்துத் தள்ளப்பட்டது. நன்னம்பிக்கையோடு வாங்கியவருக்குரிய இழப்பீட்டுக்கு ஈடு காட்டிய பின்னரே இடிக்க வேண்டும் என்ற விதி 2015-இல்தான் சட்டத்தில் சேர்ந்தது.

அத்தகைய வீடுகளுக்காக ஆந்தலூசியாவில் ஒரு நிலை வகுக்கப்பட்டது. சுருக்கமாக 'ஆஃபோ' எனப்படும் அதன் முழுப்பெயரை, 'நகரமைப்புக்குப் புறம்பானவற்றுக்கு ஒப்பாகக் கருதப்படுவது' என்று தமிழில் சொல்லலாம். மூலத்தில் உள்ள 'ஒர்தெனாசியோன்' என்பதற்கு நிலப்பயன்பாட்டை வகுத்தல் என்று பொருள். இயந்திரப் பெயர்ப்பு இதனை 'ஆர்டினேஷன்' என்று, குருமார்க்குப் பட்டம் அளிக்கும் சடங்காக மாற்றிவிடுவதுண்டு. அந்தப் பிழை சிரிப்போடு போய்விடும். இதையே விளம்பரத்தில் 'லீகலைஸ்டு', அதாவது சட்டப்படி முறைப்படுத்தப்பட்டது என்று எழுதுவதுதான் கேடு. ஆஃபோ நிலையிலுள்ள வீட்டை இடிக்க ஆணையிடும் காலம் கடந்துவிட்டது, அடிப்படை வசதிகளுக்கு வழி பிறக்கலாம், பழுது பார்க்கலாம். அது முறையான வீடாக மாறிவிடுவதில்லை; விரிவாக்கவும் முடியாது. பத்திரத்தில் பத்துச் சொற்களாக நிற்கும் இந்த எல்லைகள், ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்போது காணாமற்போகின்றன.

பணம் பேசும் சொற்கள்

விற்பனை ஒப்பந்தத்தின்போது தரும் முன்பணம் 'அர்ராஸ்'. ஆங்கிலத்தில் 'டெபாசிட்' என்று எழுதி முடித்துவிடுவர். ஸ்பானியச் சட்டத்தில் அர்ராஸ் மூவகைப்படும். உடன்படிக்கை விலகலுக்கு இடம் தரும் வகையாயின், குடிமைச் சட்டத் தொகுப்பின் 1454-ஆம் பிரிவின்படி வாங்குபவர் விலகினால் முன்பணத்தை இழப்பார். விற்பவர் விலகினால் இருமடங்காகத் திருப்பித் தருவார். ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தும் வகையாயின், பணத்தை இழந்துவிட்டு விலகும் உரிமை கிடையாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுமாறு மறுதரப்பு வழக்கிடலாம். தண்டத்தொகையாக நிற்கும் வகையும் உண்டு. 'டெபாசிட்' என்ற சொல் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

'ப்ளூஸ்வாலியா' என்பது பொதுவாக மதிப்பு உயர்வு. சொத்து விற்பனையில் இச்சொல் பெரும்பாலும் நகராட்சி வரியையே குறிக்கும். கட்டடத்தை விட்டுவிட்டு, நகர நிலத்தின் மதிப்பு உயர்வு மீது மட்டும் அது விதிக்கப்படுகிறது. 'கேபிடல் கெயின்ஸ் டேக்ஸ்' என்று பெயர்த்தால், விற்பவரின் வருமான வரியோடு அது கலந்துவிடும். வாங்குபவர் நமக்கென்ன என்று இருந்துவிடுவார். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காத தனிநபராயின், அவருக்கு மாற்றாக அந்நகராட்சி வரியைச் செலுத்தும் பொறுப்பு சட்டப்படி வாங்குபவரையே சேர்கிறது. அத்தகைய விற்பனையில் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்துவதும் அவர் கடமை.

இறுதியாக, சுவேலோ என்னும் சொல்லின் மூன்றாவது பொருள். வீட்டுக்கடன் ஒப்பந்தங்களில் வரும் 'க்ளாவுசுலா சுவேலோ'வில் நிலம் எதுவும் இல்லை. அங்கு சுவேலோ என்பது தரை. யூரிபோர் விகிதத்தோடு ஏறி இறங்கும் மாறு வட்டி, எவ்வளவு இறங்கினாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது என்பதே அவ்விதி. ஆங்கிலத்தில் இது 'ஃப்ளோர் கிளாஸ்'. யூரிபோர் வீழ்ந்தபோது, தம் தவணை குறையவில்லையே என்று கடன் பெற்றவர்கள் வியந்தனர். இவ்விதி வாடிக்கையாளருக்குத் தெளிவாக விளக்கப்படவில்லை என்று கூறி, ஸ்பானிய உச்ச நீதிமன்றம் 2013 மே 9-இல் சில வங்கிகளின் விதிகளைச் செல்லாதவை ஆக்கியது. கூடுதலாகப் பெற்ற வட்டியை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு, 2016 டிசம்பர் 21-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வழிவகுத்தது. இவ்வழக்குகளின் கடன்தாரர்கள் ஸ்பானியரே. தாய்மொழியில் எழுதிய சொல்லே விளங்காமற்போனதென்றால், பெயர்ப்பை நம்பிக் கையொப்பமிடுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

நல்ல மொழிபெயர்ப்பாளர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறார். இணையான சொல் படிப்பவரின் நாட்டில் இருந்தால் அதனை இடுகிறார். நெருங்கியது மட்டும் இருந்தால் வேறுபாட்டைக் குறிப்பாகச் சேர்க்கிறார். எதுவும் இல்லையெனில் மூலச் சொல்லையே வைத்து விளக்கம் தருகிறார். பெயர்ப்பில் ஸ்பானியச் சொற்கள் அங்கங்கே அப்படியே நின்றால், அதனைக் குறையாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது எச்சரிக்கையின் அடையாளம்.

வாடிக்கையாளர் தம் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில. ஆங்கிலப் பெயர்ப்போடு ஸ்பானிய மூலத்தையும் கேட்டுப் பெறுங்கள். நிலத்தின் வகை, உரிமத்தின் பெயர், முன்பணத்தின் வகை, பரப்பளவின் வகை ஆகிய நான்கு சொற்களையும் மூலத்தில் அடையாளம் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எந்த உரிமையைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். முக்கிய ஆவணங்களுக்கு ஸ்பானிய வெளியுறவு அமைச்சகம் நியமித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரை நாடலாம். விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத வழக்கறிஞரைத் தனியே அமர்த்துங்கள். நிலத்தின் நகரமைப்பு நிலை குறித்து நகராட்சி தரும் சான்றைப் பெற்ற பிறகே முன்பணம் அனுப்புங்கள். ஆங்கிலக் குறிப்பில் 'டவுன் ஹால்' என்று வருவது அந்த நகராட்சிதான்.

பணத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது இன்று சில நாள்களில் முடியும் வேலை. சொற்களைச் சரிபார்க்க அதைவிடச் சற்றுக் கூடுதலான நாள்கள் ஆகலாம். வாழ்நாள் சேமிப்பை முதலீடு செய்பவர் அந்த நாள்களைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.